கன்னி மூலையை அடைத்தவர்

சேற்றின் மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்தால் சேறு இல்லாமல் போய்விடும் என்று நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், காப்புறுதி முகவர். வரக்கூடிய ஆபத்தையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கச் சொல்லி ஊராரிடம் மாதச் சந்தா வாங்குபவர்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் பார்த்த அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று புக்கிட் பெருவாங்கில் குடியிருந்தேன். வேலைக்காலம் முழுவதும் வடிகால் வரைபடங்களோடுதான் பிழைப்பு. ஒரு கால்வாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்தக் கையொப்பம் எதற்குக் கீழே வர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகு இந்த அறிவால் ஒரே பயன்தான். பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் தப்பை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று துல்லியமாக அளக்கலாம்.

அவருடையது வரிசையின் கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் பெரிய முற்றம். சாலையோரத்திலிருந்து பின்சுவர் நோக்கிச் சரியும் நிலம். சரிவு முடியும் தென்மேற்கு மூலையில், பின்பக்கத்துக் கால்வாய்க்குத் தண்ணீர் போக, வீட்டைக் கட்டியவர்கள் சுவரில் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் சரியாகச் செய்யப்பட்டிருந்த ஒரே காரியம் அது.

அவருக்கு ஒரே மகள், பள்ளி ஆசிரியை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் பலகாரம் சாப்பிட்டு, காப்பி குடித்து, பதிலே சொல்லாமல் இருந்துவிட்டன. இந்த விஷயம் வெளியே தெரிந்தால் மூன்றாவது வரன் வராது என்பது அவர் கவலை. எனக்குத் தெரிந்தது, வேலி குட்டையானது என்பதால்.

அந்தச் சமயத்தில்தான் வாஸ்து நிபுணர் ஒருவர் கடல் கடந்து வந்து, கோலாலம்பூர் ஹோட்டலில் தங்கி, ஊர் ஊராக நம் மக்களின் சுவர்களை இடித்துக்கொண்டிருந்தார். முகவர் கூப்பிட, இங்கேயும் வந்து, திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். துவாரத்தின் முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்.

"கன்னி மூலையில ஓட்டை சார். வீட்டு அதிர்ஷ்டம் பூரா இது வழியா ஒழுகிப் போகுது. இதை அடைச்சிட்டு ஈசானத்துல திறங்க."

மறுநாளே கன்னி மூலைக்குச் சிமெண்டு பூசியாயிற்று. ஈசான மூலை, அதாவது வடகிழக்கு, சாலைப் பக்கம் இருந்தது. முற்றத்திலேயே உயரமான இடம் அது. அங்கே சுவரைக் குடைந்து சாலையோரக் கால்வாய்க்கு ஒரு குழாய் வைத்தார்கள்.

"தம்பி, தண்ணி மேல ஏறாது" என்றேன்.

"அண்ணே, அது ஜியோகிராபி. இது வாஸ்து."

"கவுன்சில்ல கேக்காம கால்வாய்ப் பக்கம் கை வைக்கக் கூடாது, தெரியும்ல?"

"என் வீட்டு ஓட்டைய அடைக்க எனக்கு லைசென்ஸா-லா?" என்று சிரித்தார்.

மழைக்காலம் வந்தது. முற்றம் சதுப்பு நிலமாயிற்று. தவளைகள் குடிவந்தன. கொசு, அவர் வீட்டில் பிறந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டது. இதற்கிடையே பெம்பானிலிருந்து ஒரு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பரிசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள், பெருங்கூட்டமாக. கூடத்தில் இடம் போதாது. முற்றத்தில்தான் கூடாரம் போட வேண்டும். முற்றத்திலோ செருப்பு புதைந்தது.

மலாக்கா டவுனிலிருந்து ஒரு வேன் வந்தது. பச்சைச் சுருள்களை இறக்கினார்கள். செயற்கைப் புல். குளிர்ந்த நாட்டு விளையாட்டுத் திடல்களில் போடுவதாம். விற்றவன் அடிப்பக்கத்து ஓட்டைகளைக் காட்டி, தண்ணீர் நிற்கவே நிற்காது என்று சத்தியம் செய்திருக்கிறான். தண்ணீர் ஓட்டையில் இறங்கும் என்பது சரிதான். இறங்கிய பிறகு எங்கே போகும் என்பதை அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நான் வேலியோரம் நின்று முறையைச் சொன்னேன். சேற்றை வெட்டி எடுக்க வேண்டும். சரிவு பார்த்துக் கல்லும் மணலும் கொட்டி இறுக்க வேண்டும். துளையிட்ட குழாயை அடியில் புதைத்து, தாழ்ந்த மூலையில் வெளியே விட வேண்டும். புல் அதற்கப்புறம்தான். தாழ்ந்த மூலை என்றதும் அவர் முகம் மாறியது.

"அண்ணே, ரிட்டயர் ஆயிட்டீங்க. இன்னும் ஆபீஸ்ல ஒக்காந்த மாதிரியே பேசுறீங்க. ஓட்டைய அடைச்ச பெறகுதானே வரன் வந்துச்சு?"

சேற்றின் மேலேயே விரித்து, ஓரங்களில் ஆணி அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் அடியிலிருந்து ஆவி கிளம்பியது, கூடவே எருமைத் தொழுவத்து வாசம். நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஈரத்துணியைப் பிழிகிற சத்தம். அவர் மனைவி சாம்பிராணி போட்டுப் பார்த்தார். சாம்பிராணி தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்துக்குக் கீழே பரிசத் தட்டுகளைப் பச்சைப் புல்லின் மேல் வரிசையாக வைத்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, பட்டுச்சேலை. பெரியவர்கள் பேச ஆரம்பித்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரக் கால்வாய் நிரம்பியது. ஈசானத்துக் குழாய் தன் வேலையைத் தொடங்கியது, தெருத் தண்ணீரை முற்றத்துக்குள் கொண்டுவந்து. ஆணிகள் சேற்றிலிருந்து கழன்றன. புல் முழுவதும் மெல்ல மிதந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் மரியாதைக்காகச் சாய்ந்தபடியே பேசினார். பெண்கள் சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டார்கள். மற்ற தட்டுகள் கவிழ்ந்தன. தேங்காய்கள் உருண்டு, மிதந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கன்னி மூலைக்குப் போய்ச் சிமெண்டை முட்டிக்கொண்டு நின்றன.

என் வாழ்நாளில் நான் வரைந்த எந்தப் படமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மூலைக்குப் போனார். "என்னா சம்பந்தி, இங்க ஓட்டை இருந்திருக்கு போல. யாரு அடைச்சா?"

முகவர் மிதந்து வந்த வெற்றிலையைப் பொறுக்க ஆரம்பித்தார். ஏன் அடைத்தேன் என்று சொன்னால், வந்து போன இரண்டு வரன்களையும் சொல்ல வேண்டும். காப்புறுதி விற்கும் மனிதருக்கு அன்றுதான் முதன்முதலாகப் பேச்சு வரவில்லை. எனக்குக் காரணம் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

மகள் பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள்.

"அப்பாதான் மாமா அடைச்சாரு. முன்னாடி ரெண்டு வரன் வந்து வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. ஓட்டைய அடைச்சா சரியாகும்னு வாஸ்துக்காரரு சொன்னாரு."

முகவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். அவர் கணவர் ஒரு தேங்காயைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

"சரி, அதான் நாங்க வந்துட்டோம்ல. இனிமே எதுக்கு அடைச்சு வச்சிருக்கணும்? ஒடைங்க-லா, சம்பந்தி!"

கடப்பாரை என் வீட்டிலிருந்துதான் போயிற்று. பட்டு வேட்டியோடு சேற்றில் மண்டியிட்டு அவரே உடைத்தார். தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு இறங்கியது. கூடாரம் முழுவதும் கைதட்டியது. தட்டுகளை மறுபடி நிரப்பிக் கூடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மாற்றினார்கள்.

இப்படியொரு பாடம் கண்ணெதிரே நடந்த பிறகு மனிதர் திருந்தியிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். கல்யாணத்தில் வாஸ்து நிபுணர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மாலையோடு. நான் சமையற்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், மின்விசிறி எட்டாத இடத்தில்.

அதற்கடுத்த வாரம் முகவர் வேலிக்கு வந்தார். அலசிக் காயப்போட்டும் நாற்றம் போகாத புல்லில் பாதியை எனக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க மகனுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. ஒங்க வீட்டுலயும் அந்த மூலையில ஓட்டை இருக்குல்ல, அதைக் கொஞ்ச நாளைக்கு அடைச்சுத்தான் பாருங்களேன். பொண்ணு கெடைச்ச ஒடனே ஒடைச்சிரலாம். எங்க வீட்டுல பாத்தீங்கள்ல?"

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். எனக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, எங்கள் வீட்டுக் கன்னி மூலையை.