சின்ன மேடு

கருமாதி முடிந்த மறுநாளே புசல்லாவையில் பஸ் ஏறிக் கண்டிக்குத் திரும்பிவிட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பதினேழு நாள். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. ஆய்வுகூடத்தில் கணினியின் முன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

என் ஆராய்ச்சி வெள்ளீயத்தின் அணுக்கருவைப் பற்றியது. கடையில் கிடைக்கிற வெள்ளீயமல்ல. அளவுக்கு மீறி நியூத்திரன்கள் சேர்ந்து, ஒரு நிமிடம்கூடத் தாங்காத வகை. ஆற்றல் கொடுத்தால் புரோத்தன்கள் ஒரு பக்கமும் நியூத்திரன்கள் மறுபக்கமுமாகக் கூட்டாக அதிரும். வரைபில் அது பெரிய மலையாக எழும். என் வரைபில் மலைக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடும் இருந்தது. கணக்கின் பிசகு என்று நினைத்து, அம்மா இருக்கும்போதே அதை மழுப்பிச் சமப்படுத்தியிருந்தேன்.

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். துக்கம் விசாரிக்கத் தெரியாத மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு வரைபைப் பார்த்தார்.

"இதில ஏதும் அழிச்சனீரோ?"

"ஒரு சின்ன மேடு, சேர். பிழைன்னு நெனச்சேன்."

"பிழையில்லை, பிள்ளை. மிஞ்சின நியூத்திரன் எல்லாம் வெளியில தோல் மாதிரிப் படிஞ்சிருக்கு. அந்தத் தோல் தனிய ஆடுறதுதான் இது. நீர் தேடினதே இதைத்தானே?"

பழைய தரவு கைவசம் இருந்தது. மேட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அம்மாவின் கடைசி அழைப்பு நினைவுக்கு வந்தது. "மல ஏறுனா மூச்சு வாங்குதும்மா" என்றார். நான் இதே வரைபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "வயசாச்சுல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"மூச்சு வாங்குதுன்னு அம்மா ஒங்ககிட்ட சொன்னாங்களாப்பா?"

"சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் சட்டகூட மாட்டிட்டேன். மக ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சு, படிச்ச புள்ளைக்குத் தெரியாததான்னு சிரிச்சா. கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிட்டா."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது தாங்க முடியாமல் போயிற்று என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.