ஒரு நாளும் மூடாத பேக்கரி

வங்கக் கடலில் பிறந்த புயல் கரையேறி, இத்தனை ஊர்களைத் தாண்டி வந்து, மதுரை காளவாசலில் என் பேக்கரியின் தகரக் கூரையைப் பெயர்த்துப் பின்மனையில் போட்டது. இவ்வளவு தூரம் என்னைத் தேடி வேறு யாரும் வந்ததில்லை. அடுப்புக்குள்ளும் மாவு பிசையும் மிஷினுக்குள்ளும் மழைநீர். அதுவும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆர்டர் குவியும் நேரத்தில்.

ஆனாலும் நான் கலங்கவில்லை. லோன் கொடுத்தபோது பேங்க் மேனேஜர் வற்புறுத்தி ஓர் இன்சூரன்ஸ் எடுக்கவைத்திருந்தார். இடிந்தது, நனைந்தது போக, கடை மூடிக்கிடக்கும் நாட்களில் கைவிட்டுப் போகும் லாபத்தையும் அது தரும். "மூடுன கடைக்கு எவன் சார் லாபம் குடுப்பான்?" என்று அன்று அவரைக் கேலி செய்தவன், இப்போது அதை நம்பித்தான் இருந்தேன். அந்தப் பணம் உறுதியானால்தான் என் இரண்டு மாஸ்டர்களுக்கும் சும்மா இருந்த நாட்களுக்குச் சம்பளம் தர முடியும். இல்லையென்றால் திருப்பூருக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் எனக்குத் தெரிந்த பேக்கரி வேலை கல்லாவில் உட்காருவது மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் நண்பர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்கள். மதுரையில் ஆறுதலுக்கும் ஃப்ளெக்ஸ்தான். ஒரு காலையில் வந்து பார்த்தால், கடை வாசலை மறைத்துக்கொண்டு, கூலிங் கிளாஸோடு நான் கும்பிட்டு நிற்கிறேன். பின்னால் மின்னல். கீழே, "புயலுக்கே டாட்டா காட்டிய அண்ணன்! ஒரு நாளும் மூடாத பேக்கரி!"

"எப்புடி மாப்ள?" என்றார்கள்.

மூடிய ஷட்டருக்கு மேலேயே அது தொங்கியது. கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் என் தொப்பையை வேறு குறைத்திருந்தார்கள். எப்படி மனம் வரும்? டீக்கடையில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். நிதானமாகப் படித்தார். பிறகு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நாளும் மூடலையா சார்?"

"அது சும்மா மேடம். பசங்க பாசத்துல..."

"அப்ப எதை நம்பி லாபம் போச்சுன்னு எழுதுறது?"

அடுப்பைத் திறந்து காட்டினேன். நனைந்த மாவு மூட்டைகளைக் காட்டினேன். "சேதம் சரி சார். இன்னொரு இடத்துல சுட்டு வித்திருக்கலாமே?" என்றார். வாய்ச்சவடாலுக்குப் பெயர் போன நான், ஒன்றுமே செய்யாமல் கிடந்தேன் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அப்போது சாலையைக் கடந்து வந்தார் எதிர்க்கடை பாய். அவருக்கும் பேக்கரிதான். வருடக்கணக்காக எங்களுக்குள் பன்னுக்குப் பன் போட்டி.

"என்னம்மா, கடை திறந்திருந்துச்சாமா? யாரு சொன்னா?" பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "புயல் அன்னைக்கு சாத்துனவருதான். ஒரு பிஸ்கட்டுகூட விக்கலை. இவரு கஸ்டமரு அம்புட்டுப் பேரும் எங்கிட்டதான் நிக்காக. சர்ச்சு கேக் ஆர்டரு மொத்தமும் நம்மகிட்ட வந்துருச்சு!"

"ஆமா மேடம்," என்றேன்.

"டீச்சரம்மாவெல்லாம், இம்புட்டு நாளா இந்த ருசி தெரியாமப் போச்சே பாய்னு சொல்றாக!"

பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா மேடம்," என்றேன்.

"இவரு டீக்கடையில நின்னு தன் போட்டோவைத் தானே பாத்துக்கிட்டு..."

"பாய், போதும்ணே!"

சர்வேயர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயிடம் கேட்டார். "நீங்க சொன்னதை உங்க பில்லோட எழுதிக் குடுப்பீங்களா?"

பாயின் சிரிப்பு லேசாகச் சுருங்கியது. விற்பனை ஏறியதைத் தெருவுக்குச் சொல்வது வேறு, பில்லோடு எழுதிக் கொடுத்து வரிக்காரர் கண்ணில் படுவது வேறு. என் மாஸ்டர்கள் ஷட்டர் ஓரத்தில் நின்றிருந்தார்கள். பாய் அவர்களை ஒருமுறை பார்த்தார். "குடுக்குறேம்மா. இவரு கடை மூடிக்கிடந்தா நான் யாரைத் திட்டுறது?"

பணம் பொங்கல் கழிந்துதான் வந்தது, கேட்டதில் கொஞ்சம் கத்தரித்து. ஆனால் அன்று போகும்போது சர்வேயர் அம்மா, "மூடியிருந்ததுன்னே எழுதுறேன்" என்று சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. பெரிய மாஸ்டரைப் பார்த்தேன். அவர் அடுப்புக்குள் தலையை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கரி படிந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"காயப்போட்டா எரியும்ணே. மைதாவுக்குச் சொல்லிவிடுங்க."