ஒன்பது பிள்ளைகளும் ஒரு வாடகை வீடும்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை. "மொத்தம் எத்தனை பேருங்க?" என்றார் தரகர். நானும் மனைவியும்தான் என்றதும் அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்விக்கு எங்கள் அம்மா ஒரு காலத்தில் பொய் சொன்னாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இராஜபாளையத்துக்கு வந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். நாங்கள் ஒன்பது பேர். தோட்டத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. இங்கே கதவைத் திறந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் சாத்தினார்கள். அதனால், வாடகைக்கு இடம் விடுவதாகச் சொன்ன இராமலட்சுமியம்மா வீட்டு வாசலில் நின்று "பிள்ளைக நாலு" என்றாள் அம்மா. மீதி ஐந்து பேரையும் சேத்தூரில் மாமா வீட்டில் விட்டிருந்தாள். நானும் அதில் ஒருவன்.

பிறகு வாரம் ஒருவராக, விருந்தாளி போல பஸ் ஏறி வந்தோம். திரும்பிப் போகத்தான் இல்லை. கையில் பை இருக்கக்கூடாது என்று உத்தரவு. இருந்த இரண்டு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய வந்து இறங்கினேன்.

துணிக்கொடிதான் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்காரம்மா ஒருநாள் முற்றத்துக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த பாவாடை சட்டைகளைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒரே மகன்.

"ஏம்மா, எம்புட்டுப் பிள்ளைகதான் ஒனக்கு?"

அம்மா எங்கள் எல்லோரையும் வெளியே வரச் சொன்னாள். ஒன்பது பேரும் வரிசையாக வந்து நின்றோம்.

"ஒம்பதுங்கம்மா. பொய் சொன்னது தப்புதான். போகச் சொன்னா போயிர்றோம். ஆனா இனிமே ஒண்ணையும் ஒளிக்க மாட்டேன். எல்லாம் நான் பெத்ததுக."

கெஞ்சவில்லை, அழவில்லை. அவள் நிமிர்ந்து நின்ற அந்த நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான்.

வீட்டுக்காரம்மா எங்களை ஒவ்வொருவராக எண்ணினார்.

"கெணத்துத் தண்ணி காணாதே."

"தெருக்குழாயில பிடிச்சுக்கிறோங்கம்மா."

"சரி, இருங்க. எங்க ஆளுகளும் எந்தக் காலத்துலயோ ஆந்திராப் பக்கமிருந்து வந்தவுகதான். பொய் மட்டும் பேசாத."

தொண்ணூறுகளிலும் அதே வீட்டில்தான் இருந்தோம். அவர் மகனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் நிச்சயம் செய்தபோது, வரிசைத் தட்டு எடுக்க அவர்கள் பக்கம் ஆள் போதவில்லை. அவரே வந்து எங்களைக் கூப்பிட்டார். அக்காமார் பட்டுச் சேலையும் நாங்கள் வேட்டியுமாக ஒன்பது பேரும் தட்டேந்தி நடந்தோம். என் வேட்டி எந்த நிமிடமும் நழுவலாம் என்ற நிலை, அது வேறு. இவர்களெல்லாம் யார் என்று பெண் வீட்டில் ஒருவர் கேட்டார். "மா இண்ட்டி பில்லலு" என்றார் வீட்டுக்காரம்மா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்த அளவுக்குத் தெலுங்கு எங்களுக்குத் தெரியும். பெரியக்கா தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

இன்று வீட்டுக்காரம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளை எண்ணி, உள்ளூர்க்காரர் யார், வந்தவர் யார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த நாளில் சாயங்காலமானால் அம்மா வாசலில் நின்று ஒன்பது பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவாள். அவ்வளவு நீளமாகக் கூப்பிட வேண்டிய வீடு இப்போது அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை.