பொய்ப்பெயரில் பார்த்துக்கொண்டிருந்த பெண்

இன்று மன்னார்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது போனைப் பார்த்து அழுதாள். என்னம்மா என்று கேட்டேன்.

இவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டானாம். ஒரு வருஷமாக இவள் பொய்ப்பெயரில் கணக்கு வைத்து, அவர்கள் போடும் படங்களைத் தினமும் பார்த்து, கண்டபடி எழுதியும் வந்திருக்கிறாள்.

"அவங்க சிரிச்சா எனக்கு எரியும் பாட்டி. பாக்காமலும் இருக்க முடியல. அடிபட்டது நான் மட்டுந்தான்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னைக்கு அவரு பொண்டாட்டி எழுதியிருக்கு, யாரோ பொய்ப்பேருல பின்னாடியே வர்றாங்க, வெளிய போகவே பயமா இருக்குன்னு."

கேட் திறப்பதற்குள் அந்த மனைவிக்குத் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினாள்: 'அது நான்தான். மன்னிச்சுடுங்க. இனிமே வரமாட்டேன்.' பொய்க் கணக்கையும் அழித்துவிட்டாள்.

"போலீசுக்குப் போனாங்கன்னா?" என்றேன்.

"போகட்டும் பாட்டி. செஞ்சது நான்தானே."

அந்தத் துணிச்சலை நினைத்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

சரோஜா, தாமரைப்பூ படம் வைத்துக்கொண்டு உன் ஃபேஸ்புக்கை இரண்டு வருஷமாக எட்டிப் பார்ப்பது உன் அண்ணன் பெண்டாட்டியான நான்தான். இன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஆனால் என் மகளின் காதுகுத்தில் என் அம்மாவைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தாயே, அதை மறக்கவில்லை. அன்று ரசம்கூட மிஞ்சவில்லை. பதில் சொல்வதானால் எல்லோரும் பார்க்க இந்தப் பதிவுக்குக் கீழேயே சொல்லு.