வழக்கு நிலத்தில் வண்டிப் பந்தயம்

பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளி இறுதித் தேர்வில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டு, மேற்பார்வைக்கு வந்தவரிடம் திட்டு வாங்கினேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் சிரித்தேன். அங்கே மட்டும் காரியம் கெடவில்லை. எதிரே காபித் தட்டோடு நின்றவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு ஆடி, காபி என் மாமாவின் வேட்டியில் கொட்டியது. அந்தச் சித்திரையிலேயே கல்யாணம்.

இந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய தொல்லையாகிப்போனது மோட்டார் சைக்கிள் பந்தயத்தில்தான்.

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடல்காற்று எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது. அப்பா குத்தகை விவசாயி. அவருடைய அப்பா அதே நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். புது ஆட்சி வந்து, உழுகிறவனை நிலத்தை விட்டு இறக்கக் கூடாது என்று சட்டம் பேசத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. மேடைக்கு மேடை நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையில் ஒரு பெஞ்சு முழுக்கக் கட்சிக்காரர்கள், அடுத்த பெஞ்சு முழுக்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தார், நடுவில் மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. மிராசுதார் நிலத்தை விடச் சொன்னார், அப்பா முடியாது என்றார். வழக்கு மாயவரம் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் அந்த நிலத்தில் உழக் கூடாது, விதைக்கக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது.

சுற்றிலும் பச்சை. நடுவில் அந்தப் பெரிய நிலம் மட்டும் காய்ந்து, வெடித்து, வெள்ளையாகக் கிடந்தது. ஆடு மேய்ந்தது. பிறகு நாங்கள் வண்டி ஓட்டினோம். உத்தரவில் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நாங்கள் என்றால் நானும் மிராசுதாரின் இளைய மகனும். கல்லூரியில் ஒரே பெஞ்சு. அங்கே இரண்டு பேரும் வாடா போடா. ஆனால் பஸ் எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அவன் முன்பக்கம் போய்விடுவான், நான் பின்பக்கம் போய்விடுவேன். படிப்பு முடிந்து நான் நடுநிலைப் பள்ளியில் வாத்தியாரானேன். அவன் வேலை எதுவும் பார்க்காமல் வீட்டில் இருந்தான். அவனிடம் பளபளவென்று இரட்டை சைலன்சர் வண்டி இருந்தது. என்னிடம் இருந்தது அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓட்டித் தேய்த்தது. ஸ்டார்ட் ஆகும்போது கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடும்.

நிலத்தின் குறுக்கே ஒரு பெரிய வரப்பு இருந்தது. அதை இரண்டு பக்கமும் சரித்துவிட்டால் வண்டி ஏறிக் குதிக்கலாம் என்று அவன்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மண்வெட்டியோடு சரித்தோம். ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வரப்பு நெருங்க நெருங்க அது தென்னை மர உயரத்துக்கு வளர்கிறது. என் வலது கை தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிடும். வேகம் குறைந்தால் வண்டி பறக்காது, முன்சக்கரம் குத்திக்கொண்டு விழும். பயந்தால் விழுவோம் என்று தெரிகிறது, தெரிந்ததும் இன்னும் பயம் வருகிறது. கை இறுகி, தோள் இறுகி, மூச்சு நின்று, கூடவே சிரிப்பும் வந்துவிடும். சிரித்துக்கொண்டே பலமுறை மண்ணில் விழுந்தேன்.

அவனுக்கும் பயம்தான். அவன் உதடு முணுமுணுப்பதைப் பார்த்து, சாமி பெயர் சொல்கிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டேன். ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாயவரம், ஆனந்ததாண்டவபுரம், வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம். வரப்பு வருவதற்குள் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டால் குதித்துவிடுவானாம். மனசுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது வரப்பைப் பார்க்காது என்றான். நானும் சொல்லிப் பார்த்தேன். கொள்ளிடத்திலேயே விழுந்தேன்.

என் மனைவிக்கு இந்த முழங்கால் சிராய்ப்புகள் எல்லாம் வேடிக்கையாக இருந்தன. ஒரு நாள் மாலை, தன்னையும் ஏற்றிக்கொண்டு வரப்பைத் தாண்டச் சொன்னாள். முடியாது என்றேன். அவள் அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டாள். வரப்பு நெருங்கியதும் என் கை வழக்கம்போலத் தளர்ந்தது. அப்போது காதுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கூச்சல் இல்லை, அழுகையும் இல்லை. வயல்காட்டில் கொக்கை விரட்டுகிறவர்கள் போடுகிற நீண்ட சத்தம். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நானும் வாயைத் திறந்து கத்தினேன். கத்தியதும் அடைத்திருந்த மூச்சு வெளியேறியது, தோள் இறங்கியது, கை தானாக முறுக்கியது. கீழே ஒன்றுமில்லை. தூரத்தில் சவுக்குத் தோப்பு, அதற்கு மேல் வானம். வண்டி கீழே வந்து, இரண்டு முறை எம்பி, நேராக ஓடியது.

இறங்கியவள் நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடிபட்டதோ என்று பதறிக் கிட்டே போனேன். அவள் முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் தெரிந்தது.

"இன்னொரு தடவ போவலாங்க," என்றாள்.

இருட்டும்வரை தாண்டினோம். வீடு திரும்பியபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. என்ன சண்டை என்று அம்மா கேட்டாள்.

இதற்கிடையில் ஊர் இளைஞர் மன்றத்தார் பங்குனியில் விளையாட்டு விழா வைத்தார்கள். கபடி, இளவட்டக்கல், உறியடியோடு இந்த வருடம் மோட்டார் சைக்கிள் பந்தயமும் உண்டு என்று நோட்டீஸ் அடித்தார்கள். இடம், வழக்கு நிலம். ஐந்து சுற்று. ஒன்றியச் செயலாளர் தலைமை.

இரண்டு வீட்டிலும் இதைத் தடுப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். என் வண்டியைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. ஆனால் வக்கீல் குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் சும்மா இருக்காமல் ஒரு பேச்சை அவிழ்த்துவிட்டார். ஊரே பார்க்க ஒரு தரப்பு மட்டும் அந்த நிலத்தில் இறங்கினால், நாளைக்கு அதையே அனுபோகம் என்று கோர்ட்டில் காட்டலாமாம். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க வீட்டுப் புள்ள ஓட்டுதாம். நீ ஓட்டாம வுட்டா நெலம் அவங்க கையில இருக்குன்னு ஆயிடும். நீயும் ஓட்டு," என்றார்.

அதே பேச்சு மிராசுதார் வீட்டிலும் நடந்திருந்தது. மறுநாள் நிலத்தில் வைத்து நண்பன் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாழ்நாளில் முதல்முறையாக, வேகமாக ஓட்டச் சொல்லிப் பெற்றவர்களே எங்களை அனுப்பினார்கள்.

பந்தய நாள். ஒலிபெருக்கி காலையிலிருந்தே அலறியது. வைக்கோல் பிரியால் கயிறு திரித்துப் பாதைக்கு எல்லை கட்டியிருந்தார்கள். மேற்குப் பக்கம் பூவரச நிழலில் நாற்காலி போட்டு மிராசுதாரும் அவர் வக்கீலும். கிழக்குப் பக்கம் அப்பாவும் சங்கத்துக்காரர்களும், செங்கொடியோடு. நடுவில் ஒன்றியச் செயலாளர் தன் கட்சிக் கொடியோடு, இரண்டு பக்கமும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு. என் மனைவி பெண்கள் கூட்டத்தை வரப்புக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வந்திருந்தன. ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். கிளம்புவதற்கு முன் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவர் சோடா பாட்டிலால் வாய் கொப்பளித்தார்.

"எப்பவும் இப்படித்தாங்க. வயிறு காலியாயிட்டா பயம் உக்கார எடம் இல்லாம எறங்கிடும்," என்றார்.

கோட்டில் நின்றோம். என் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். நான் எல்லோரையும் ஏளனமாகப் பார்க்கிறேன் என்று நினைத்து மறுபக்கத்து ஆட்கள் கூச்சல் போட்டார்கள். எங்கள் ஆட்கள் அதை வீரம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பக்கத்தில் நண்பன், முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, மாயவரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கொடி இறங்கியது. புழுதியில் எதுவும் தெரியவில்லை. முதல் சுற்றில் வரப்பில் இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்களைச் சுற்றி வளைத்துப் போய், வாயைத் திறந்து கத்திக்கொண்டு நான் ஏறினேன். அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் கூட்டமே திரும்பக் கத்தியது. அவர்களுக்கு என் மனைவி அதைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சத்தம் என்னைத் தூக்கிக் கொண்டுபோய் இறக்கிற்று. பயம் போகவில்லை, கூடவேதான் வந்தது. ஆனால் அது இப்போது கையில் இல்லை, தொண்டையில் இருந்தது. தொண்டையால் வண்டி ஓட்டுவதில்லையே.

கடைசிச் சுற்றில் நானும் நண்பனும் முன்னால் இருந்தோம், கைப்பிடிக்குக் கைப்பிடி இடிக்கிற நெருக்கத்தில். வரப்பு வந்தது. நான் கத்தினேன். சேர்ந்தாற்போல் காற்றில் எழுந்தோம். அந்தரத்தில், என் பக்கத்தில், அவன் உச்சக்குரலில் "ஆனந்ததாண்டவபுரம்" என்று கத்துவது கேட்டது. அவசரத்தில் ரயில் இரண்டாம் ஸ்டேஷனைத் தாண்டவில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வெடித்தது. இது பயத்துச் சிரிப்பு இல்லை. கீழே இறங்கும்போது ஹேண்டில் கோணலாக இருந்தது, என் வண்டி அவன் வண்டியில் சாய, இரண்டும் பிரிக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குள் புகுந்தன. வைக்கோலுக்குள்ளிருந்து பார்த்தோம். ஒரத்தநாட்டுக்காரர் நிதானமாக, ஏதோ கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி, கோட்டைத் தாண்டிப் போனார்.

கிழக்கிலிருந்து அப்பாவும் மேற்கிலிருந்து மிராசுதாரும் ஓடிவந்தார்கள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேரும் மூச்சு வாங்க எதிரெதிரே நின்றார்கள். கடைசியில் அப்பாதான், "தம்பிக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார். மிராசுதார் தலையை ஆட்டிவிட்டு, என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

அதற்குள் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. ஜெயித்தவன் வெளியூர்க்காரன். இந்த நிலத்தில் ஜெயித்ததைச் சாக்காக வைத்து அவன் ஏதாவது கேட்டால்? அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு தரப்பும் முதல்முறையாக ஒன்றுபட்டு மேடைக்குப் போயின. ஒன்றியச் செயலாளர் கோப்பையைக் கொடுக்கும்போது, வெற்றி பெற்றவருக்கு மேற்படி நிலத்தில் எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒரத்தநாட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டு, சரிங்க என்றார். ஊர் கை தட்டியது.

சாயங்காலம் நண்பன், நான், என் மனைவி, ஒரத்தநாட்டுக்காரர் நாலு பேரும் சீர்காழிக்குப் போய் டீ குடித்தோம். அப்போதுதான் எல்லோருக்கும் நடுக்கம் வந்தது. கடைக்காரர் காய்ச்சலா என்று கேட்டார். அந்த நிலத்துக்கு வெளியே, ஊருக்குள், நண்பன் என்னோடு பேசியது அன்றிலிருந்துதான். திரும்பும்போது பாலத்தைத் தாண்டியும் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

அடுத்த சில கோடைகளில் கொள்ளிடத்து மணலிலும், திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு தரிசிலும் ஓட்டினோம். ஒருமுறை நான் இரண்டாவதாக வந்தேன். எந்தப் பந்தயத்திலும் பயம் வராமல் இருந்ததில்லை. வராத அன்றைக்கு ஓட்டக் கூடாது என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

வழக்கு ராஜியில், சமாதானமாக முடிந்தது. மேல்பாதி அவர்களுக்கு, கீழ்பாதி எங்களுக்கு. நண்பன் மெட்ராஸில் பேங்கு வேலைக்குப் போனான். அப்பா முதல் குறுவைக்கு டிராக்டர் பிடித்தார். வண்டிகள் ஓடி ஓடி மண் தார்ச்சாலையாக இறுகியிருந்தது, கலப்பை இறங்கவில்லை. டிராக்டர்காரர் இறங்கிவந்து, இங்க என்னத்த பயிர் செஞ்சீங்க என்று கேட்டார். அப்பா என்னைக் கை காட்டிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் போனார்.