ஆடிக்காற்றும் இரண்டு மனுக்களும்

எழுபதுகளில், சங்கரன்கோவிலில் என் ஓலைக்கூரையைப் பிரித்து ஓடு போட ஆனி மாதம் வேலை தொடங்கினேன். அனுமதி வாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு மாடசாமி பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்து வேலையை நிறுத்தினான். அனுமதி கிடைத்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கூரை போட மாட்டார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் சோற்றுக்குப் புழுதிதான் தொடுகறி.

மறு ஆனியில் அவன் தன் கூரையைப் பிரித்தான். சட்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் அனுமதி வாங்கவில்லை. நான் மனு கொடுத்தேன். வேலை நின்றது. ஆடிக்காற்றில் அவன் கண்ணைக் கசக்குவதை வாசலில் நின்று ஆசைதீரப் பார்த்தேன்.

மனு கொடுத்தது என் மனைவிக்குத் தெரியாது. "ஏட்டி, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இங்கன வா. ஆடி முடிஞ்சதும் போயிக்கிடலாம்" என்று அவன் பெண்டாட்டியை அழைத்துவிட்டாள். பின்னாலேயே அவனும் பாயோடு வந்தான்.

ஆடி முழுக்க என் ஓட்டுக்குக் கீழே குறட்டை விட்டான். தூக்கமில்லாமல் கிடந்த எனக்கு ஒன்றுதான் புரிந்தது: பழிவாங்குகிறவன் முதலில் பெண்டாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.