பாயுவோவுக்குக் கொடுத்த மாத்திரைகள்

பெர்பெத்துவாவின் கால் ஒடிந்தது மழைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில். நாந்தோம் ஊருக்குப் போகும் பாதையோரம் அவள் வீடு. முளைகட்டிய சிவப்புச் சோளத்தைக் கொதிக்கவைத்துப் புளிக்கவிட்டு, பிட்டோ என்னும் சோளக்கள் விற்பது அவள் தொழில். சக்கை கொட்டிய ஈர மண்ணில் வழுக்கி, பானையோடு விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்து கொடுக்கும் பெண் இருபது மாத்திரைகளை உறையில் போட்டு நீட்டினாள்.

"அம்மா, இது வலி மாத்திரை, டிரமடால். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பிட்ட பிறகு. தலை சுத்தும், அடுப்புப் பக்கம் போகாதீங்க. சாராயம், பிட்டோ எதுவும் தொடக்கூடாது."

"பிட்டோ காய்ச்சுறது என் தொழிலும்மா. ருசி பாக்காம எப்படிக் காய்ச்சுறது?"

"காய்ச்சாதீங்க." அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. வலின்னு யார் வந்து கேட்டாலும் இதுல ஒண்ணைக்கூடக் கொடுத்துடாதீங்க. உங்க உடம்பைப் பாத்து எழுதினது இது."

பெர்பெத்துவா தலையாட்டினாள். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அப்போது தோன்றியது.

புருஷன் போய் எட்டு வருஷம். மகன்கள் இருவரும் தெற்கே கோக்கோ தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், சில ஞாயிறு வராது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. முற்றத்து மரப்பலகைகளில் எப்போதும் பத்துப் பேர் சுரைக்குடுவையும் கையுமாக உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுப்பு அணைந்த மூன்றாம் நாளே அத்தனை பேரும் பாதைக்கு அந்தப்புறம் இருந்த இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து சிரிப்பு கேட்கும். தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

பாயுவோ மட்டும் வந்தான். சந்தை நாளில் லாரிகளுக்கு, எண்ணெய் எடுக்கும் ஷியா கொட்டை மூட்டை ஏற்றுகிறவன். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னக்கா, ராணி மாதிரி காலை நீட்டிட்டு உக்காந்துட்ட? உன் பிட்டோவைக் குடிச்சவங்க சாபம்தான் இது."

"புளிச்சதைக்கூட ஒரு சொட்டு விடாம குடிச்சவன் நீ. பேச வந்துட்டான்."

அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போகும்போது அவன் உறையைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இது அந்த மாத்திரைதானே? லாரி நிக்கிற இடத்துல பசங்க விப்பானுங்க. முதுகு இரும்பாயிடும். எனக்கு ஒண்ணு கொடேன்."

"கொடுக்கக் கூடாதுன்னாங்க."

"சரி, விடு." அவன் எழுந்த விதத்தில் நாளைக்கு வரமாட்டான் என்பது தெரிந்தது.

"இரு," என்றாள் பெர்பெத்துவா.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். சாயங்கால மாத்திரை அவனுக்குப் போயிற்று. பதிலாக ஊர்க்கதையெல்லாம் கொண்டுவந்தான்: யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது, மாதாகோயில் பூசைக்கு நடுவில் யார் குறட்டை விட்டது. அவன் போன பிறகு கால் நெருப்பாய் எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கொள்வாள்.

ஆறாம் நாள் சந்தை. வெயில் சாய்வதற்கு முன்பே வந்தான். கண் கலங்கியிருந்தது, வாயில் பிட்டோ வாடை. கொடுத்ததை விழுங்கினான். ஏதோ சொல்ல ஆரம்பித்தவனின் நாக்கு குழறியது. சற்று நேரத்தில் பலகையிலிருந்து சரிந்தான். உடம்பு விறைத்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஊன்றுகோல் எட்டவில்லை. பெர்பெத்துவா புட்டத்தால் நகர்ந்து போய், அவன் தலை மோதாமல் அடுப்புக்கல்லைத் தள்ளிவிட்டு, பாதையைப் பார்த்துக் கத்தினாள். விறகு சுமந்து போன பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி பல்லுக்கு நடுவே வைக்கக் கரண்டி தேடினாள். இன்னொருத்தி தண்ணீர் புகட்டப் பார்த்தாள். சேதி போய், ஊர் நர்ஸ் தெக்லா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது இழுப்பு நின்றிருந்தது.

"வாயில எதையும் வைக்காதீங்க! தள்ளுங்க!" அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனித்தாள். "என்ன சாப்பிட்டான்? தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவன் மனைவி குளோத்தில்தா மூச்சிரைக்க வந்து நின்றாள். பெர்பெத்துவா சும்மா இருந்திருக்கலாம்.

"என் மாத்திரை. டிரமடால்," என்றாள். "அஞ்சு நாளா தினம் ஒண்ணு கொடுத்தேன். இன்னைக்கும் கொடுத்தேன். அதுக்கு மேல பிட்டோவும் குடிச்சிருக்கான். வெளியில வாங்கிப் போட்டானான்னு தெரியாது."

குளோத்தில்தா அவளைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புருஷனின் சட்டைப் பையைத் துழாவினாள். பாதி காலியான மாத்திரை அட்டை கிடைத்தது. அதே மருந்து, இரண்டு மடங்கு வீரியம்.

பாயுவோ பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தெக்லா சேதி சொல்ல வந்தாள். உறையைக் கொட்டி எண்ணிப் பார்த்தாள். நாளுக்கு இரண்டு என்ற கணக்குக்கு மேல் ஒன்றும் குறையவில்லை.

"அப்போ சாயங்காலம் நீங்க போட்டுக்கவே இல்லை. அந்த வலியை எப்படிப் பொறுத்தீங்க?"

"அவன் பேசிட்டு இருக்கும்போது தெரியலை."

தெக்லா மாத்திரைகளை உறைக்குள் திரும்பப் போட்டாள். பிறகு, மீதியை எழுதியபடி போட்டுக்கொள்ளச் சொல்லி, தீர்ந்த பிறகும் வலித்தால் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். நாலு கிராமத்துக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ்.

அறுவடைக்குள் எலும்பு சேர்ந்தது, சற்றுக் கோணலாக. பெர்பெத்துவா மறுபடி அடுப்பு மூட்டினாள். குடிக்க வந்தார்கள். குடுவையை வாங்கிக்கொண்டு பலகையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, அவளிடம் அளந்து பேசினார்கள். பாயுவோ வரவில்லை.

ஒரு ஞாயிறு கோயில் வாசலில் அவனைப் பார்த்தாள். மெலிந்திருந்தான்.

"கால் எப்படிக்கா?"

"நடக்குது. முதுகு?"

"வலிக்குது."

"ஆஸ்பத்திரியில காட்டு. அவங்க எழுதிக் கொடுக்கிறதை மட்டும் சாப்பிடு."

"காட்டணும்." அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குளோத்தில்தா பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போய்விட்டான்.

பெர்பெத்துவா கோலை ஊன்றி வீட்டுப் பாதையில் நடந்தாள். பாதி வழியில் கால் கெஞ்சியது. ஒரு கல்லில் உட்கார்ந்து, வீக்கத்தைத் தடவிவிட்டுக்கொண்டாள். பூசை முடிந்த கூட்டம் வேறு பக்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தாள்.